குழிக்கு முன் வடிகானைப் பாருங்கள்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் வாயில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குழாய் பதிக்க ஒழுங்கையை வெட்டி மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையிலேயே வெட்டிய கோட்டில் குழிகள் விழுந்தன. முறைப்பாடு செய்தோம். லொறியில் வந்து சல்லியும் தாரும் போட்டார்கள். ஐப்பசி மழை அதைக் கொண்டுபோய்விட்டது. பிறகு நாங்களே வீட்டுக்கு வீடு பணம் சேர்த்து, 60,000 ரூபா செலவில் அடைத்தோம். நான்கு மாதம் தாங்கவில்லை. இப்போது சிலர், வாயிலிருந்து 60 மீற்றருக்கு 3 மீற்றர் அகலத்தில் கொங்கிறீட் போட்டுவிடலாம் என்கிறார்கள். ஒருவரிடம் விலைக்கூற்று வாங்கியிருக்கிறோம். 14 கன மீற்றர் கொங்கிறீட் என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “குழி அடைப்பது ஆற்றில் கரைத்த புளி. அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகவில்லை. குழி இருந்தால் வண்டிகள் மெதுவாகப் போகும், பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள்” என்கிறார். கடை வாசலில் இருந்து எண்ணிப் பார்த்தேன்; நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 வண்டிகள் போய்வருகின்றன. குழி அடைப்பதும் வீதி பராமரிப்பதும் உண்மையில் செலவுக்குத் தகுந்த வேலையா?

பதில்: அன்பருக்கு வணக்கம்.

தகுந்த வேலைதான். ஆனால் உங்கள் ஒழுங்கையில் இரண்டு முறை நடந்ததைக் குழி அடைத்ததாக நான் கணக்கில் எடுக்க மாட்டேன். குழிக்குள் கல் கொட்டப்பட்டது, அவ்வளவுதான். அந்த 60,000 ரூபாவைப் பற்றிக் கணக்காளர் ஐயா சொன்னது சரி. புளி ஆற்றோடு போய்விட்டது. மற்ற எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு வழக்கு உண்டு. அவர் கணக்குப் படித்தவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

வீதிக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று மாநகர சபையிலோ வீதி அபிவிருத்தி அதிகார சபையிலோ இருக்கும்: தார் இவ்வளவு, சல்லி இவ்வளவு, கூலி இவ்வளவு. மற்றதை யாரும் எழுதுவதில்லை. முச்சக்கரவண்டிக்காரர் கராஜில் கொடுத்த பணம், பத்து மாதத்தில் தேய்ந்த டயர், கியரை மாற்றி மாற்றி எரித்த பெற்றோல், உங்கள் கடைக்கு வரும் வழியில் உடைந்த முட்டை அட்டி, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரின் ஒரு மாதச் சம்பளம் எல்லாம் அந்த இரண்டாவது புத்தகத்தில் சேர வேண்டியவை. குழியை அடைக்காமல் விட்டால் முதல் புத்தகத்தில் செலவு குறையும். குறைந்த தொகை இரண்டாவது புத்தகத்தில் பெருகிப்போய் உட்காரும். எழுதப்படாத புத்தகம் என்பதால் சேமித்துவிட்டோம் என்று முதல் புத்தகக்காரர் மகிழ்ச்சியாக இருப்பார்.

எவ்வளவு பெருகும்? உங்கள் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 300 வண்டிகள். குழிகளால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒருமுறை போவதில் 4 ரூபா நட்டம் என்று வையுங்கள். இது என் ஊகம்தான். பெற்றோல், டயர், தேய்மானம் மூன்றையும் சேர்த்தால் கூடுதலாகவே வரும். நாளுக்கு 1,200 ரூபா. ஆண்டுக்கு 438,000 ரூபா. கணக்காளர் ஐயா 4 ரூபாவை ஒப்புக்கொள்ளமாட்டார் என்றால் 2 ரூபா என்று வைக்கட்டும். அப்போதும் ஆண்டுக்கு 219,000 ரூபா. ஒரு சிறிய ஒழுங்கையின் முதல் 60 மீற்றரில், யாருடைய பேரேட்டிலும் ஏறாமல் போகிற பணம் இது. காலி வீதியையோ கண்டி வீதியையோ இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்க உங்கள் கடையின் கல்குலேட்டர் போதாது.

உலகம் முழுவதும் இதை அளந்திருக்கிறார்கள். பராமரிப்பில் ஒரு டொலரை மிச்சம் பிடித்து வீதியைக் கெட்டுப்போக விட்டால், அதில் ஓடும் வாகனங்களின் செலவு 2 முதல் 3 டொலர் வரை ஏறும் என்பது உலக வங்கியின் வீதித்துறை ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு. அதே வங்கி 1994ஆம் ஆண்டு அறிக்கையில் ஆபிரிக்காவைப் பற்றி எழுதியது இன்னும் கடுமையானது: உரிய காலத்தில் 1,200 கோடி டொலரைப் பராமரிப்புக்குச் செலவழித்திருந்தால், வீதிகளைப் புதிதாகப் போட வேண்டி வந்த 4,500 கோடி டொலரை மிச்சம் பிடித்திருக்கலாம். ஆக, இரண்டாவது புத்தகம் மட்டுமல்ல, முதல் புத்தகமும் கடைசியில் நட்டத்தில்தான் முடிகிறது. கடன் வாங்கி வீதி போடும் ஒரு நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி, நீங்கள் அடைத்த குழி ஏன் திரும்ப வந்தது என்பதற்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் பணம் போயிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் படை வீதியின் தோல்தான். பாரத்தைச் சுமப்பது அதன் கீழே இருக்கும் கல் படையும், கிறவல் படையும், அதற்கும் கீழே இருக்கும் மண்ணும். மக்கடம் வீதி என்று நம் முதியவர்கள் சொல்லும் முறைக்குப் பெயர் கொடுத்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் மக்கடம், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: அடிமண் காய்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும், மேலே போடும் கல்லின் முதல் வேலை தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதுதான். அவருக்குப் பிறகு தார் வந்தது, அஸ்பால்ட் வந்தது, கணினி வந்தது. அவர் சொன்னது மாறவில்லை.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு கொட்டு. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கொட்டு. மேற்படையில் ஒரு மயிர்க்கோட்டு வெடிப்பு இருந்தால் போதும். தண்ணீர் உள்ளே இறங்கும். மேலே சில்லு ஏறும்போது அந்தத் தண்ணீர் நசுங்கி, உள்ளிருக்கும் நுண்மண்ணை வெடிப்பு வழியாக வெளியே துப்பும். மழைக்குப் பிறகு வெடிப்பின் ஓரத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ சேறு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வீதியின் வயிற்றிலிருந்து வந்தது. உள்ளே வெற்றிடம் விழுந்த பிறகு மேற்படை எவ்வளவு நாள் தாங்கும்? ஒருநாள் காலையில் குழி இருக்கும். எல்லோரும் அது நேற்றைய மழையில் விழுந்ததாகச் சொல்வார்கள். அது ஆறு மாதமாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

உங்கள் ஒழுங்கையில் இதற்கு மேலாக ஒரு குழாய் வெட்டும் இருக்கிறது. குழாய்க் கிடங்கை மூடும்போது மண்ணை 15 சென்ரிமீற்றர் அளவில் படைபடையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். பின்னேரத்துக்குள் வேலையை முடித்துப் போக நினைப்பவர்கள் தோண்டிய மண்ணையே ஒரே தடவையில் தள்ளி, மேலே சல்லி பரப்பி, தாரை ஊற்றிவிட்டுப் போவார்கள். இறுகாத மண் இரண்டு மழைக்குள் தானாக அமுங்கும். மேலே போட்டது அதோடு சேர்ந்து தாழும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். கொழும்பில் நான் பார்க்கும் குழிகளில் நேர்கோட்டில் வரிசையாக இருப்பவற்றுக்கு அடியில் பெரும்பாலும் யாரோ பதித்த குழாயோ வடமோ இருக்கிறது. வீதி போட்டவரைத் திட்டுவதற்கு முன் வீதியை வெட்டியவர் யார் என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது பாரம். கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் முதுகில் இருக்கும் ஊர். கொள்கலன் லொறிகள் பெரிய வீதிகளில் நெரிசல் வந்தால் எந்தச் சந்துக்குள்ளும் தலையை நீட்டும். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை வீதிகளைப் போட்டு, அவை உடையும்வரை லொறிகளை ஓட்டி ஒரு பெரும் பரிசோதனை செய்தார்கள். அதிலிருந்து கிடைத்த பாடத்தை இன்றும் பொறியியலாளர்கள் பயன்படுத்துகிறோம்: அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. அரைத் தொன் அச்சுப் பாரமுள்ள சிறிய காரோடு 8 தொன் அச்சுப் பாரமுள்ள லொறியை ஒப்பிட்டால், லொறியின் ஓர் அச்சு ஒருமுறை போவது கார் அச்சு 65,000 தடவைக்கு மேல் போவதற்குச் சமம். உங்கள் 300 வண்டிகளில் முச்சக்கரவண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மறந்துவிடுங்கள். அவை வீதியை உடைப்பதில்லை, உடைந்த வீதியால் அவைதான் உடைகின்றன. நாளுக்கு எத்தனை லொறி உள்ளே வருகிறது, குப்பை லொறி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று தனியாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை எனக்கு 300ஐ விட முக்கியம்.

குழியை முறையாக அடைப்பது எப்படி என்று உங்கள் சங்கத்தினருக்குத் தெரிந்திருப்பது நல்லது. வேலைக்கு வருபவர்களோடு வாதாட உதவும். குழி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதைவிட அகலமாக, உறுதியான பகுதி வரும்வரை, சதுரமாக வெட்ட வேண்டும். ஓரங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். கிண்ணம் போலச் சரிந்த ஓரத்தில் போட்ட கலவை சில்லு பட்டதும் கழன்று ஓடும். தண்ணீரையும் தளர்ந்த மண்ணையும் முழுக்க வெளியே எடுக்க வேண்டும். அடியிலும் ஓரங்களிலும் மெல்லியதாகத் தார்க் குழம்பு பூச வேண்டும். ஆழமான குழியென்றால் ஒரே தடவையில் நிரப்பாமல் படைபடையாக நிரப்பி இறுக்க வேண்டும். கடைசியில் ஓரத் தையலைத் தாரால் மூட வேண்டும். சுடு கலவை ஆலையிலிருந்து ஏறக்குறைய 150 பாகை வெப்பத்தில் புறப்படுகிறது. மருதானை நெரிசலில் லொறி நெடுநேரம் நின்று கலவை ஆறிவிட்டால், இறக்கும்போது அதை எந்த உருளையாலும் சரியாக இறுக்க முடியாது. இரவில் வேலை செய்யச் சொல்வது இதனாலும்தான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது; மறைக்க விரும்பவில்லை. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பலவகைக் குழியடைப்பு முறைகளை வீதியில் செய்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். சூடாக்காமலே போடக்கூடிய உயர்தரக் குளிர் கலவையைக் குழியில் போட்டு லொறிச் சில்லாலேயே உருட்டிவிட்டுப் போன அடைப்புகள், சதுரமாக வெட்டிச் செய்த அடைப்புகளுக்கு ஏறக்குறைய ஈடாகத் தாங்கின. அப்படியென்றால் வெட்டும் வேலை வீணா? அந்த முடிவைப் படிக்கும்போது கலவையின் தரத்தைக் கவனிக்க வேண்டும். தரமான கலவை இருந்தால் வேலைமுறையில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். மலிவான கலவைக்கு எந்த முறையும் கைகொடுக்காது. ஒரு குழிக்கு ஆட்கள், வண்டி, போக்குவரத்தை மறிப்பது என்று ஆகும் செலவுக்கு முன்னால் கலவையின் விலை சிறியது. அதில் மிச்சம் பிடிப்பவர் அதே குழிக்கு மூன்று தடவை ஆட்களை அனுப்புவார். நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இப்போது கணக்காளர் ஐயாவின் பெரிய கேள்வி: அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகாதே?

கட்டுப்படியாகாதது பராமரிப்பு அல்ல, பராமரிக்காமல் விட்டுப் பிறகு புதிதாகப் போடுவது. இந்த நாட்டில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கும் ஏ, பீ தர வீதிகள் மட்டும் ஏறக்குறைய 12,000 கிலோமீற்றர். சீ, டீ தர வீதிகள் மாகாணங்களின் கையில். மிச்சமெல்லாம் மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலையில். 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து நம் கண் பெரிய வீதிகளில் ஒட்டிக்கொண்டது. 2020இல் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதிகளைச் சீரமைக்கும் திட்டம் என்று அறிவித்தார்கள். ஊர் ஊராகக் காபட் போட்டார்கள். 2022இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வேலைகள் பாதியில் நின்றன. புதிதாகப் போடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவைத் தோளில் சுமந்துகொண்டுதான் வருகிறது. அந்தச் செலவைப் பற்றித் திறப்பு விழாவில் யாரும் பேசுவதில்லை. வடிகான் துப்புரவாக்கியதற்கு நாடா வெட்ட யாரைக் கூப்பிடுவது?

என் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பணம் குறைவாக இருக்கும்போது முதலில் செலவழிக்க வேண்டியது நன்றாக இருக்கும் வீதிக்கு. மோசமான வீதிக்கு அல்ல. நல்ல வீதியில் வெடிப்பை மூடி, மேலே மெல்லிய தார்ப்பூச்சு ஒன்று கொடுத்தால் சிறு செலவில் பல ஆண்டு நீடிக்கும். முழுக்கச் சிதைந்த வீதிக்கு இன்று செலவழித்தாலும், அடுத்த ஆண்டு செலவழித்தாலும், புதிதாகத் தோண்டிப் போடும் செலவுதான். ஆனால் முறைப்பாடு எங்கிருந்து வருகிறது? சிதைந்த வீதியிலிருந்து. உறுப்பினருக்குத் தொலைபேசி எங்கிருந்து வருகிறது? அங்கிருந்துதான். ஆகவே பணம் முழுவதும் மோசமானவற்றுக்குப் போகிறது. நல்லவை கவனிப்பாரற்று ஒவ்வொன்றாக மோசமானவற்றின் வரிசையில் வந்து சேர்கின்றன. கூரையில் ஓர் ஓடு விலகியபோது மாற்றாமல், மரம் உளுத்த பிறகு வீட்டையே பிரித்துக் கட்டும் குடும்பத்தின் வரவு செலவு இப்படித்தான் இருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2014இல் தொடங்கிய ‘ஐ றோட்’ திட்டத்தில், வீதியைச் சீரமைத்த ஒப்பந்தக்காரரே அடுத்த சில ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். குழி விழுந்தால் அது தன் பையிலிருந்து போகும் என்று தெரிந்தவர் கிறவலை இறுக்கும் விதமே வேறு. எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்தது இந்த ஒரு நிபந்தனைதான்.

மக்களிடம் நேரடியாக வாங்கும் முறையை வெள்ளைக்காரர் இங்கே முயன்றார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன். 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில், ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கடைக்கு வரி, துவக்குக்கு வரி, நாய்க்கு வரி என்று மற்றவையும் கூடவே வந்தன. மாத்தளையில் அந்த ஆண்டே கிளர்ச்சி வெடித்தது. வீட்டுக்கு வீடு பணம் சேர்க்கும் உங்கள் சங்கத்தார் கவனத்தில் கொள்ள வேண்டிய வரலாறு.

குழி இருந்தால் வண்டி மெதுவாகப் போகும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நேர்த்தியான காபட் வீதியில் வேகம் கூடும். சிறு வீதிகளில் அது ஆபத்து. ஆனால் குழி எல்லோரையும் ஒரேயளவு மெதுவாக்குவதில்லை. வழி தெரிந்தவர் குழியைத் தவிர்க்க எதிர்ப்பக்கத்துக்கு வளைப்பார். எதிரே சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அது தெரியாது. மழை நாளில் தண்ணீர் நிறைந்த குழியின் ஆழம் யாருக்கும் தெரியாது. இரவில் பின்னால் மனைவியையும் நடுவில் குழந்தையையும் ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள்காரரை அது மெதுவாக்காது, விழுத்தும். இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதில் குழியின் பங்கு சிறியதுதான். வேகமும் மதுவும் கவனக்குறைவும் பெரியவை. ஆனாலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வேண்டியது குழி அல்ல, வேகத்தடை. அதற்கு உயரம் உண்டு, வெள்ளைக்கோடு உண்டு, தூரத்திலிருந்தே தெரியும். அக்கரையில் 2025 ஒக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், குழிகளால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 6 இலட்சம் இந்திய ரூபா கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நான் சொன்ன இரண்டாவது புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்து முதல் புத்தகத்தில் ஒட்டிய தீர்ப்பு அது. கணக்காளர் ஐயாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

அவர் சொல்வது பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. நாளுக்கு இருபது வண்டி போகும் முட்டுச்சந்துக்குத் தார் போடுவதை விட, கிறவலை ஒழுங்காக வாட்டம் பார்த்துப் போட்டு ஆண்டுக்கொரு முறை சீராக்குவது மலிவு. அடுத்த மாதம் குழாய் மாற்றத் தோண்டப் போகும் வீதியில் இன்று செய்யும் நேர்த்தியான அடைப்பு தண்டச் செலவு. அப்படிப்பட்ட இடத்தில் மிஞ்சும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்று நானும் சொல்வேன். நாளுக்கு 300 வண்டி போகும் உங்கள் ஒழுங்கை அந்த வகையல்ல.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

பணம் சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். அடுத்த பெருமழையில் குடையோடு வெளியே வந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வடிகான் இருந்தும் தண்ணீர் அதில் இறங்காமல் ஒழுங்கையின் நடுவே ஓடினால், வடிகான் வாய் குப்பையாலோ, யாராவது வீட்டு வாசலுக்குப் போட்ட சாய்வுப் பலகையாலோ அடைபட்டிருக்கும். அந்தச் சாய்வு உங்கள் கடைக்கு முன்னால் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மற்றவர்களிடம் பேசுவது சுலபமாகும். மழையில்லாமல் நான்கு நாள் வெயில் அடித்த பிறகும் ஒரு குழி ஈரமாகவே இருந்தால் அது மழைத் தண்ணீர் அல்ல, குழாய்க் கசிவு. அதற்கு நீர் வழங்கல் சபையின் 1939 எண்ணுக்கு அறிவியுங்கள். கசிவை நிறுத்தாமல் அதன் மேல் எதைப் போட்டாலும் மிதக்கும்.

அதன் பிறகு மாநகர சபையிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். முதலாவது, உங்கள் ஒழுங்கை சபை பொறுப்பேற்ற ஒழுங்கையா என்பது. கொழும்பில் பல ஒழுங்கைகள் காணி பிரித்து விற்றபோது தனியார் பாதையாக வந்தவை. எல்லோரும் சோலைவரி கட்டினாலும் பாதை சபையின் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் அதைப் பொறுப்பேற்கச் செய்வதுதான் உங்கள் முதல் வேலை. இரண்டாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வெட்ட அனுமதி பெற்றது யார், வீதியை மீளச் சீரமைக்க எவ்வளவு பணம் கட்டினார்கள், அந்தப் பணம் என்னவாயிற்று என்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் பற்றிய முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். வெறும் முறைப்பாட்டுக்கு லொறியில் சல்லி வரும். இந்தக் கேள்விக்கு வேறு மாதிரியான ஆட்கள் வருவார்கள். வெட்டியவர் செலவில் கிடங்கை மீண்டும் திறந்து ஒழுங்காக இறுக்கி மூடினாலே உங்கள் குழிகளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கொங்கிறீட் பற்றி. சபையின் பாதையென்றால் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும், பழைய மட்டத்தின் மேலேயே போட்டு உயர்த்தினால் மழைத் தண்ணீர் வீடுகளின் வாசல்படியைத் தேடிப் போகும். தாழ்ந்த வாசல் உள்ளவர் உங்களோடு ஆயுள் முழுக்கப் பேசமாட்டார். பழையதைச் சீவி எடுத்து, 3 மீற்றர் அகலத்துக்கு வடிகான் பக்கமாக ஏழெட்டு சென்ரிமீற்றர் வாட்டம் வைத்துப் போட வேண்டும். கிடங்கு மண் இறுகுவதற்கு முன் போட்டால் கொங்கிறீட்டும் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். நாளை குழாய் உடைந்தால் கொங்கிறீட்டை உடைத்துத்தான் தேட வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விலைக்கூற்றைப் பார்த்தேன். 60 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம் என்றால் 180 சதுர மீற்றர். 14 கன மீற்றர் கொங்கிறீட்டை அதில் பரப்பினால் தடிப்பு மூன்று அங்குலத்துக்குச் சிறிது கூட வரும். அது முற்றத்துக்குப் போதும். குப்பை லொறியும், எப்போதாவது வழி தவறி வரும் பெரிய லொறியும் ஏறும் இடத்துக்கு ஐந்து அங்குலமாவது வேண்டும். அதற்கு 22 கன மீற்றருக்கு மேல் தேவை. உங்கள் ஒப்பந்தக்காரர் இந்த வித்தியாசத்தை அறியாதவராக இருக்க முடியாது. தடிப்பு எவ்வளவு, கலவையின் தரம் என்ன, எத்தனை மீற்றருக்கு ஒரு மூட்டு வெட்டுவார், போட்ட பிறகு எத்தனை நாள் ஈரம் காப்பார் என்ற நான்கையும் விலைக்கூற்றிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறொருவரைப் பாருங்கள். எழுதித் தந்தால், வார்ப்பு நாளன்று கணக்காளர் ஐயாவின் கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுத்துப் பலகை அடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஐந்து அங்குலம் இல்லாத இடத்தில் அவர் கொங்கிறீட் ஊற்ற விடமாட்டார்.